ரம்பச் சத்தத்தில் பேசக் கூடாது

மார்ச் 9. மாலை மரவேலை வகுப்பில் இன்று இழுப்பறையின் அடிப்பலகையை இரண்டு மில்லிமீட்டர் குறைவாக அறுத்துவிட்டேன். அளந்தது சரிதான், கோட்டின் எந்தப் பக்கம் அறுப்பது என்று குழம்பிவிட்டேன். எனக்கு எதிலும் இந்தச் சந்தேகம் உண்டு.

அதனால்தான் சொந்தமாக வீடியோ எடுக்கும் முன் நூறு மரவேலை வீடியோக்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். எது நம்மை உட்கார்ந்து பார்க்கவைக்கிறது? சீவல் சுருண்டு விழ வேண்டும். விரல்கள் அருகில் தெரிய வேண்டும். யாரும் பேசக் கூடாது. கருவியின் சத்தம் போதும். முக்கியமாக, ஒரு தவறு நடக்க வேண்டும். தவறில்லாத வீடியோவில் யாரும் எதையும் கற்பதில்லை.

அக்காவின் கணவர் தச்சர். அவர் வேலை செய்ய, நான் பதினோரு வீடியோ எடுத்தேன். அத்தான் ஒரு தவறுகூடச் செய்யவில்லை. பார்த்தவர்கள் ஒன்பது பேர், அக்காவையும் சேர்த்து. நான் அவரைக் குறை சொல்லவில்லை.

சனிக்கிழமை வட்ட ரம்பத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றினேன்.

"அத ஏன்டா கழட்டுற?"

"பிளேடு தெரியல அத்தான்."

"கழட்டு, கழட்டு. உங்கக்காவக் கட்டுனதுக்கு இது ஒண்ணுதான் பாக்கி."

பலகையைத் தள்ளும் கட்டையையும் ஒளித்துவைத்தேன்; அது விரல்களை மறைத்தது. பலகையைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். அதில் பெரிய கணு இருந்தது. அதை அடிப்பக்கமாகத் திருப்பிக் கொடுத்தேன். கணுவில் ரம்பம் சிக்கினால் பலகை உதறும் என்பது வகுப்பில் முதல் வாரப் பாடம். அனுபவசாலி அதை எப்படிச் சமாளிக்கிறார் என்று காட்ட நினைத்தேன்.

கணு ரம்பத்தை நெருங்குவது பலகையின் பக்கவாட்டில் எனக்குத் தெரிந்தது. 'நிறுத்துங்க' என்ற ஒரு சொல் போதும். ஒலிப்பதிவு கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வலது கையில் இரண்டு விரல்கள். அவர் சமாளிக்கவில்லை.

"பக்கத்துலதானேடா நின்ன? ஒரு குரல் குடுக்கக் கூடாதா?" என்றாள் அக்கா, ஆஸ்பத்திரி வராந்தாவில்.

"சத்தத்துல கேட்டிருக்காதுக்கா."

கேட்டிருக்கும். நேர்மைக்காக இதை எழுதிவைக்கிறேன். சனிக்கிழமை வீடியோவை அன்றே ஏற்றிவிட்டேன், இதுவரை நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். 'மிகவும் பயனுள்ள பதிவு' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அத்தானுக்கு ஆறுதலாக இருக்கும், இன்னும் காட்டவில்லை.

நாளை: அறுக்க வேண்டிய கதவுப் பலகைகள் அப்படியே கிடக்கின்றன, தானே அறுப்பதாக அக்கா சொல்கிறாள். ஒன்பது மணிக்கு அவளுக்கு ரம்பம் பழக்க வேண்டும். அவள் குள்ளம். கேமரா ஸ்டாண்டை ஒரு சாண் இறக்க வேண்டும்.