நின்ற இடத்திலேயே சுற்றும் வரி

— எல்லாமே நின்னுடுச்சுக்கா. மேசை மேல இருக்குற அத்தனை மோட்டாரும். நான் மோட்டாரை ஓட்டுற புதுப் பெட்டிக்கு ஒரே ஒரு மெசேஜ்தான் அனுப்பினேன், சத்தியமா.

— என்ன அனுப்பின, குவான்?

— விளையாட்டுக்குத்தான். 'பசிக்குது'ன்னு.

— முன்னாடி நம்பர் போடாமயா?

— நம்பரும் இல்ல, ஓடு நில்லுன்னும் இல்ல. வெறும் பசிக்குது. மெஷின் சொன்ன பேச்சைக் கேக்கணும்னு எல்லாரும் வைக்கிற பச்சைத் தீனிப் பொட்டலம் பெட்டி தலை மேலயேதான் இருக்கு. அது இருக்கும்போதே மெஷின் இப்படி அடம்பிடிச்சா எங்க போய்ச் சொல்றது?

— பொட்டலத்துல தேதி பாத்தியா?

— ...போன மாசமே முடிஞ்சு போச்சு.

— நல்லா இருக்கு. புதுசு வாங்கி வை. ஆனா தப்பு தீனிப் பொட்டலத்து மேல இல்ல, நாம எழுதினதுலதான் இருக்கு. எங்கேன்னு பாரு.

— அதைப் பாக்குறதுக்கு முன்னாடியே உங்களுக்கு அடிச்சேன்க்கா. ஏன்னா...

— ஏன்னு தெரியும். இதே மாதிரிப் பெட்டி ஒண்ணு எங்க அண்ணன் குளத்துல ஓடிக்கிட்டிருக்கு. நான் இப்ப அங்கதான் போயிட்டிருக்கேன். ரயில் தைச்சுங் தாண்டிடுச்சு.

— அண்ணனுக்குப் போன் போட்டு, பெட்டிக்கு எதுவும் அனுப்பாதீங்கன்னு சொல்லிடுங்களேன்.

— கொஞ்சம் இரு, இன்னொரு லைன்ல அடிச்சுப் பாக்குறேன்... மூணு தடவை அடிச்சாச்சு, எடுக்கல. இன்னிக்கு ஊர்ல கோயில் ஊர்வலம். பல்லக்குத் தூக்குறவன் இடுப்புல போன் அடிச்சா வெடிச் சத்தத்துல எங்க கேக்கப்போகுது? அப்படியே எடுத்தாலும் என்கிட்ட 'ம்', 'சரி', அவ்வளவுதான்.

— இன்னுமா கோவம்?

— அப்பா போனப்போ குளத்தை வித்துடலாம்னு நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதுலேருந்து தானா ஒரு போன் இல்ல. சாப்பிட்டியான்னு கேக்கக்கூட மனசு வரல. நம்ம ஊர்ல எதிரிகிட்ட கூட அதைக் கேப்பாங்க. சரி, அதை விடு. அங்க ரெண்டு மூணு நாளா மேகம் மூடிக் கிடக்கு, துளி காத்து இல்ல. தண்ணிக்குள்ள மூச்சு முட்டிப் போய் மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதாம், பக்கத்துக் குளத்து அண்ணி சொன்னாங்க. இந்த நேரத்துல தண்ணிக்குக் காத்து குடுக்குற ஏரேட்டர் அரை மணி நேரம் நின்னாப் போதும். குளம் முழுக்க வெள்ளையா மிதக்கும். அடுத்த வாரம் பிடிக்க வேண்டிய பால் கெண்டை, குவான். வருஷம் பூரா பாத்துப் பாத்து வளத்தது.

— அப்படி எதுவும் ஆகாதுக்கா.

— ஆயிட்டா என்ன சொல்வான் தெரியுமா? குளத்தை விக்கச் சொன்னா, நான் விக்கல, கடைசியில பெட்டி வச்சுக் கொன்னுட்டான்னு சொல்லுவான். அவன் சொல்லலேன்னாலும் நான் சொல்லிப்பேன்.

— நீங்க முதல்ல சாப்பாட்டு டப்பாவைப் பிரிச்சுச் சாப்பிடுங்க. ஸ்டேஷன்ல வாங்கினீங்கதானே?

— மூடி மேல வட்டம் போட்டுக்கிட்டிருக்கேன். நீ கேளு, சரியான்னு சொல்லு. மெசேஜ் வருது. முதல் வட்டம், நம்பருக்குக் காத்திருக்கு. நம்பர் வந்தா ரெண்டாவது வட்டத்துக்குப் போகும். அங்க ஓடு இல்லேன்னா நில்லு வரணும். வந்தா மூணாவது வட்டம், சொன்ன ஏரேட்டரை ஓட்டும் இல்ல நிறுத்தும். வேற என்ன வந்தாலும், எந்த வட்டத்துல வந்தாலும், எல்லா அம்பும் இந்த ஓரத்து வட்டத்துக்குத்தான் வருது.

— 'புரியல'ங்குற வட்டம்.

— ஆமா. புரியலேன்னா என்ன செய்யச் சொன்னோம்?

— சிவப்பு லைட் போடு, மெசேஜைத் தூக்கிப் போடு, கூப்பிட்ட இடத்துக்குத் திரும்பு.

— வரி வரியாப் பாரு. கடைசியில திரும்புன்னு இருக்கா?

— லைட் இருக்கு... தூக்கிப் போடறது இருக்கு... அக்கா.

— இல்லதானே.

— இல்ல. திரும்பச் சொல்லவே இல்ல.

— சொல்லலேன்னா சிப் அங்க நிக்காது, நேரா அடுத்த வரிக்கு நடந்து போயிடும். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தா உள்ள போற ஆடு மாதிரி. அந்தப் பக்கத்து வீடு எது?

— 'எல்லாத்தையும் நிறுத்து'.

— நான்தான் எழுதினேன். படம் சரியாப் போட்டேன், அம்பெல்லாம் சரி. எழுதும்போது ஒத்தை வரியை விட்டுட்டேன். படத்தைக் காட்டி எத்தனை பேருக்குப் பெருமையாப் பாடம் எடுத்திருப்பேன் தெரியுமா.

— ஆனா அக்கா, முன்னாடி அந்த ரெண்டுக்கும் நடுவுல என்னோட வரி ஒண்ணு இருக்குமே. நின்ன இடத்துலயே சுத்துற வரி. ஆபத்தான வேலை எதுக்கும் முன்னாடி நான் ஒண்ணு போட்டு வைப்பேனே. தப்பி வந்து நுழையறவன் அதுல மாட்டி அங்கேயே சுத்திக்கிட்டு நிப்பான், உள்ள போக மாட்டான்.

— அதையெல்லாம்தான் நான் எடுக்கச் சொல்லிட்டேனே. குட்டி சிப், இதுல இடத்தை அடைச்சுக்கிட்டு எதுக்கு இந்தப் பயந்தாங்கொள்ளித்தனம்னு உன்னைக் கேலி வேற பண்ணேன்.

— எல்லார் முன்னாடியும்.

— ஆமா, எல்லார் முன்னாடியும். எப்ப எடுத்தோம்? அண்ணனுக்குப் பெட்டி மாட்டுறதுக்கு முன்னாடியா, அப்புறமா?

— அதான் ஞாபகம் வரல. அந்த வாரம் பூரா மாத்தி மாத்தி எழுதிக்கிட்டே இருந்தோம். கம்ப்யூட்டர்ல கடைசியா எழுதினது மட்டும்தான் இருக்கு, பழசு மேலயே எழுதிட்டோம்.

— குவான், அண்ணனுக்கு சிப் எழுதினப்போ இன்னொண்ணும் சேத்து எழுதினோமே. கெட்டுப்போனா மாத்தறதுக்கு.

— இருக்கு! ஸ்க்ரூ டப்பாவுல போட்டேன். இருங்க, கொட்டித் தேடுறேன்... இது இல்ல... இது வாஷிங் மெஷின் சிப்... கிடைச்சிடுச்சு. மேல உங்க கையெழுத்துல 'அண்ணன்'னு ஒட்டியிருக்கு.

— ரீடர்ல வை. புரியல வட்டம் ஆரம்பிக்கிற இடத்துக்குப் போ. ஒவ்வொண்ணா வாசி. அவசரப்படாதே.

— வைக்கிறேன்... வந்துடுச்சு. லைட்டு, சரி. தூக்கிப் போடறது, சரி. இங்க இருபத்தி ரெண்டு இருக்கணும்.

— அதான் திரும்புங்கறதுக்கான நம்பர். இருக்கா?

— இல்லக்கா. இதுலயும் விட்டிருக்கீங்க.

— அப்புறம் என்ன இருக்கு?

— எண்பது.

— எண்பதா? அதுக்கு அடுத்து? குவான், அதுக்கு அடுத்து?

— எஃப் ஈ.

— திரும்பச் சொல்லு.

— எண்பது, எஃப் ஈ. நின்ன இடத்துலயே சுத்துற என் வரிதான்க்கா, அப்படியே உக்காந்திருக்கு. நீங்க எடுக்கச் சொன்னதுக்கு முன்னாடி எழுதின சிப். அக்கா? அழறீங்களா?

— மூக்கைச் சிந்தறேன். பக்கத்து சீட்டு அம்மா டிஷ்யூ குடுக்குறாங்க. இரு.

— அப்ப அண்ணன் பெட்டிக்கு யாரு என்ன உளறினாலும் நிறுத்தற இடத்துக்குப் போகவே போகாது. என் வரியில மாட்டிச் சுத்தும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லேன்னா, சிப்புக்குள்ள காவல் இருக்குற வாட்ச்டாக் டைமர் முழிச்சுக்கிட்டு ஒரு தட்டுத் தட்டி, பெட்டியை முதல்லேருந்து ஆரம்பிக்க வைக்கும். ஆரம்பிச்ச உடனே எல்லா லைட்டும் எரியும், எல்லா ஏரேட்டரும் ஓடும். அதுவும் நீங்கதான் எழுதினீங்க, முதல் வேலையா மீனுக்குக் காத்து குடுக்கணும்னு.

— மூச்சு இப்பதான் வருது. அந்த மீனுக்கு மட்டும் இல்ல, எனக்கும். குவான், உன்னைக் கேலி பண்ணதுக்கு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறேன்.

— மன்னிப்பெல்லாம் வேணாம். பச்சைப் பொட்டலம் ஒரு பெட்டி நிறைய வாங்கிக் குடுத்துடுங்க.

— வாங்கறேன். நீ இப்பவே புதுப் பெட்டியில ரெண்டையும் சேத்துடு, திரும்பு வரியையும் உன் வரியையும். நான் ஊருக்குப் போய் அண்ணன் சிப்பை... இரு, அவனே கூப்பிடறான். மூணு பேரும் ஒரே லைன்ல வர்ற மாதிரி சேக்குறேன். ஷெங் அண்ணே?

— என்ன புள்ள, அத்தனை தடவை அடிச்சிருக்க? பல்லக்கு தோள்ல இருந்துச்சு. யாருக்காச்சும் உடம்பு சரியில்லியா?

— எல்லாரும் நல்லா இருக்காங்கண்ணே. குளம் எப்படி இருக்கு?

— குளத்துக்கு என்ன. காலையில கொஞ்சம் மேல வந்து வாயைத் தொறந்துச்சுங்க. எல்லா ஏரேட்டர் சக்கரமும் சுத்தின உடனே கீழ போயிடுச்சுங்க. இப்பத்தான் போய்ப் பாத்துட்டு வந்தேன். ஏன் கேக்குற?

— பெட்டியில ஒரு சின்னத் தப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சோம். பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல, ஆபத்து கிடையாது. நான் சாயங்காலம் வந்து சரி பண்ணிடறேன்.

— பாத்துப் பண்ணு. நல்லா ஓடிக்கிட்டிருக்கறதைக் கெடுத்துடாத.

— அண்ணே, வணக்கம், நான் குவான், அக்கா ஆபீஸ்ல வேலை பாக்குறேன். ஒண்ணு கேக்கணும். எப்பவாச்சும் பெட்டில எல்லா லைட்டும் ஒண்ணா எரிஞ்சு பாத்திருக்கீங்களா?

— எப்பவாச்சுமா? தினமும் எரியுதே தம்பி.

— தினமுமா? அக்கா, அப்ப யாரோ தினமும் ஏதோ உளறிக்கிட்டிருக்காங்க.

— அண்ணே, நம்பர் போடாம பெட்டிக்கு ஏதாவது அனுப்புறியா?

— பெட்டிக்கு நான் எதுக்குப் புள்ள அனுப்பறேன்? உனக்குத்தானே அனுப்புறேன்.

— எனக்கா? எனக்கு ஒண்ணுகூட வந்ததில்லையேண்ணே.

— இது என்ன பேச்சு. பெட்டி மாட்டின அன்னிக்கு என் போன்ல நம்பரை ஏத்தி, மேல சியூலின்னு உன் பேரைப் போட்டுக் குடுத்தது நீதானே? அனுப்புண்ணே, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்னியே. மூணு ஓடுன்னா ஓட்டுற, மூணு நில்லுன்னா நிறுத்துற. ஷின்ச்சூல உக்காந்துக்கிட்டு எந்நேரமும் பாக்குறியேன்னு பக்கத்துக் குளத்து அண்ணிகிட்டகூடச் சொல்லுவேன்.

— வேற பேரு போட்டா உனக்குத் தேடி எடுக்க வராதுன்னுதான்... அண்ணே, காலையில என்ன அனுப்புவ?

— என்னத்தை அனுப்பறது. எந்திரிச்சதும் 'சாப்பிட்டியா'ன்னு கேப்பேன். போன்ல பேசினா நமக்குள்ள சண்டைதான் வருது, எழுத்துன்னா நீ உடனே பதில் சொல்லிடற. கேட்ட கொஞ்ச நேரத்துல வரப்பு மேல அத்தனை லைட்டும் எரியும், அத்தனை சக்கரமும் சுத்தும். சரி, புள்ள சாப்பிட்டுடுச்சுன்னு நானும் கஞ்சி குடிக்கப் போவேன்.

— அக்கா? நான் வேணா லைனை விட்டுப் போயிடட்டுமா?

— ஏன் புள்ள பேச்சே காணோம்? இன்னிக்குக் காலையிலயும் கேட்டேன், நல்லாத்தானே எரிஞ்சுது. அப்ப நீ இன்னும் சாப்பிடலியா?