பம்பரம் பாஸான வருடம்

எனக்கு விளையாட்டு என்றாலே ஆகாது, ஐயா. ஆசிரியர் அறையில் மின்விசிறி கெட்டுப்போன ஒரு மதியம், காற்று வாங்கத்தான் கூடைப்பந்து அரங்குக்குப் போனேன். அங்கேதான் பம்பரம் என்று எல்லோரும் கூப்பிடும் பையனைப் பார்த்தேன்.

கல்லூரி அணியிலேயே குள்ளன் அவன்தான். பாயிண்ட் கார்டு. அதாவது, பந்தைத் தட்டிக்கொண்டே போய், கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் நெட்டையனுக்கு ஊட்டிவிட வேண்டும். பேர் நெட்டையனுக்கு, மூச்சிரைப்பு இவனுக்கு. மற்றவர்கள் கிளம்பிய பிறகும் சுவரோடு ஆடிக்கொண்டிருந்தான். தரையில் சிந்திய வேர்வையைத் தானே துடைத்தான். பார்க்கப் பார்க்க எனக்குத் தெவிட்டவில்லை. என் வகுப்பில் கடைசி வருடம் படிக்கிற பையன் என்பது அப்புறம்தான் உறைத்தது. புள்ளியியலில் தேறிவிட்டால் போய்விடுவான். மாணவனாக இருக்கும்வரைதானே கல்லூரிக்கு ஆட முடியும்?

அதனால் தேறவிடவில்லை.

முடிவு வந்த அன்றே வந்து நின்றான். "எங்க தப்பு பண்ணேன்னு சொன்னா திருத்திக்குவேன் சார்."

"உழைப்பு பத்தல தம்பி," என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவன் உழைக்க ஆரம்பித்துவிட்டான். அடுத்த விடைத்தாளில் குறை கண்டுபிடிப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. கடைசியில், கையெழுத்து சாய்ந்திருப்பதற்காக மதிப்பெண்ணைக் குறைத்தேன். வருடா வருடம் அவனும் சளைக்கவில்லை, நானும் சளைக்கவில்லை.

வங்கியில் அவனுக்குக் கிடைத்த வேலை கைநழுவியது. பெண் கொடுக்க வந்தவர் என்னிடமே விசாரித்தார். "நல்ல பையன், படிச்சுக்கிட்டே இருப்பான்," என்று உறுதி சொன்னேன். கல்யாணம் நடந்தது, வீடு அவன் மனைவியின் தையல் மெஷினில் ஓடியது. அவனுக்குத் தலை நரைத்தது. எதிரணிப் பையன்கள், "பாத்து அங்கிள்," என்று வழிவிட்டார்கள். மகளும் எங்கள் கல்லூரியிலேயே சேர்ந்தாள். அப்பாவும் மகளும் ஒரே அறையில் தேர்வு எழுதினார்கள். அவளுக்கு முதலிடம் கொடுத்தேன். எனக்கு ஓரவஞ்சனை கிடையாது, ஐயா.

இந்த வருடம் அவன் முழங்கால் போய்விட்டது. இனி ஆடவே முடியாது என்று டாக்டர் சொன்ன அன்றே அவன் விடைத்தாளை எடுத்து, நூற்றுக்கு நூறு போட்டேன். ஊன்றுகோலோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க என்னைக் கைவிடல சார்."

கூட வந்த மகள் அழவில்லை. இப்போது அவளும் எங்கள் துறையில் ஆசிரியை. "கால் ஓடின வருஷமெல்லாம் ஃபெயிலு, கால் போனதும் நூறு. இது தற்செயலா சார்?" என்று கேட்டாள். புள்ளியியல் அவளுக்கு நன்றாக ஏறியிருக்கிறது. அவள் உங்களிடம் கொடுத்த புகாரில் எல்லாமே உண்மை. நான்தான் செய்தேன்.

பம்பரம் மட்டும் நம்பவில்லை. "சார் அப்படிப்பட்டவர் இல்லம்மா," என்றானாம். நேற்று ஏதோ ஆபீஸ் வேலைக்கு என்னிடமே நற்சான்று கேட்டு வந்தான். கடும் உழைப்பாளி, ஆனால் கணக்கில் கொஞ்சம் மந்தம் என்று எழுதிக் கொடுத்தேன். பொய்ச் சான்று கொடுக்க எனக்கு மனம் வராது, ஐயா.