ஆடி வெள்ளியில் கறுப்பு ஆகாது

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ நன்றாக இருந்தது ஐயா. இஞ்சிதான் கொஞ்சம் தூக்கல். ஏட்டு ஐயா, "நீ சொல்லுபா, நான் எழுதிக்கிறேன்" என்றார். வேண்டாம் என்றேன். சொல்கிறவன் ஒருவன், எழுதுகிறவன் ஒருவன் என்றால் நடுவில் கொஞ்சம் சிந்திப் போகும். எனக்கே எழுத வரும். மெதுவாக வரும், அவ்வளவுதான். உங்களுக்கு அவசரம் இல்லையே.

என் பெயர் கந்தன். ஐயம்பேட்டை போகிற சாலையில் இருக்கும் சாயப்பட்டறையில் வேலை. பட்டு நூலைக் கொத்துக் கொத்தாக மூங்கில் கோலில் மாட்டி, கொதிக்கிற தொட்டியில் முக்கி முக்கி எடுக்க வேண்டும். மீசை முளைத்த நாளிலிருந்து அதைத்தான் செய்கிறேன். என் கையைப் பார்த்தாலே தெரியும். எந்தச் சோப்புக்கும் அசையாத கை இது.

பட்டறைக்குப் பின்னால்தான் எங்கள் தெரு. தெருக்கோடியில் அம்மன் கோவில், கோவில் வாசலில் ஒரு கிணறு. பட்டறைக் கழிவு மண்ணில் இறங்கி அந்தக் கிணற்று நீர் பல வருடம் நிறமாகத்தான் இருந்தது. எங்களுக்குப் பழகிவிட்டது. எந்த முகூர்த்தத்துக்கு எந்த நிறப் புடவை ஓடுகிறது என்று எங்கள் பெண்கள் வாளியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

அப்போதுதான் ஒரு தொண்டு அமைப்பிலிருந்து நிக்கத் வந்தாள். டவுனில் ஜரிகை வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பெண். நன்றாகப் படித்தவள். எங்கள் பட்டறைப் பட்டை வாங்குவது கடல் கடந்த ஒரு கம்பெனி. அவர்கள் கடையில் ஒவ்வொரு துணியிலும் 'மனசாட்சியுள்ள பட்டு' என்று சீட்டு தைத்து விற்கிறார்களாம். நிக்கத் கிணற்று நீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, பக்கத்தில் அந்தச் சீட்டை வைத்துப் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பினாள். மனசாட்சி அடுத்த விமானத்தில் ஏறி வந்துவிட்டது.

அதன் பிறகு எங்கள் தெருவுக்கு வந்த கார்களை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லோரும் நல்லவர்கள். தரையில் உட்காரத் தெரியாவிட்டாலும் உட்கார்ந்தார்கள். கோலப்பொடியில் தெருவை வரையச் சொன்னார்கள். அட்டை கொடுத்தார்கள்: சந்தோஷம் இருந்தால் பச்சை அட்டை, கஷ்டம் இருந்தால் சிவப்பு அட்டை. பச்சை அட்டையைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். சிவப்பு அட்டையைத்தான் படம் எடுப்பார்கள். கொஞ்ச நாளிலேயே நாங்கள் எல்லோரும் சிவப்பில் தேறிவிட்டோம்.

பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பும் ஆரம்பித்தார்கள். பெரியவர்களுக்கு. என் பக்கத்து வீட்டு சம்பூர்ணக்காதான் என்னை இழுத்துப் போனார். "வாடா கந்தா, சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு ரெண்டு எழுத்து கத்துக்கினா குறைஞ்சா பூடுவ?" என்றார். அவர் பாதியில் விட்டுவிட்டார், கண் தெரியவில்லை என்று. நான் விடவில்லை. தெருவில் என்னைத்தான் சமூகப் பிரதிநிதி என்று தேர்ந்தெடுத்தார்கள். கழுத்தில் மாட்ட ஓர் அட்டை. அதில் என் பெயரை நானே படித்தேன்.

ஐயா, உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். பட்டறையில் என்னிடம் பேசுகிறவர்கள் "தூக்கு", "முக்கு", "புழி" என்ற மூன்றைத் தாண்டி எதுவும் பேசியதில்லை. சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் கூட்டம் நடந்தது. உலகத்து வளர்ச்சி, நியாயம், கம்பெனிகளின் பொறுப்பு என்று தலைப்பு. என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள், வளர்ச்சி என்றால் உங்களுக்கு என்ன என்று கேட்டார். "கை கழுவினா கழுவுன தண்ணி வெள்ளையா போவணும்" என்றேன். மொழிபெயர்த்துச் சொன்னதும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். ஜில்லென்ற அறை, என் முன்னால் மைக், அத்தனை பேரும் எனக்காக நிற்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த ஒரு வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு ஐந்தாறு கூட்டங்களிலும் அதையே சொன்னேன். ஒவ்வொரு முறையும் அழுதார்கள்.

கஷ்டம் என்னவென்றால், கம்பெனி சொன்னபடி செய்துவிட்டது. பட்டறையில் சுத்திகரிப்புத் தொட்டி கட்டினார்கள். கெடுதலான பழைய சாயங்களை நிறுத்திவிட்டு, உடம்புக்கு ஒன்றும் செய்யாத புதுச் சாயம் கொண்டுவந்தார்கள். மேனேஜர் கிறிஸ்டோபர் சார், கழிவைச் சுத்தம் செய்து வந்த தண்ணீரை எங்கள் முன்னால் ஒரு டம்ளர் குடித்துக் காட்டினார். முகம் கோணியது, ஆனால் குடித்தார். கிணறு தெளிந்தது. குடிக்கலாம் என்று பரிசோதனையில் வந்தது. கோவில் வாசலில் பலகை வைத்தார்கள். முதல் வாளியை இறைத்துக் குடித்தவன் நான்தான்.

ஆடி பிறந்ததும் கடைசிக் கூட்டம் வைத்தார்கள். அட்டை கொடுத்தார்கள். ஒரு சிவப்பு அட்டைகூட வரவில்லை. நிக்கத் கைதட்டினாள்.

"ப்ராஜெக்ட் சக்ஸஸ்ண்ணே. இனிமே மாகறல் பக்கம் வேலை. கிளாஸும் இந்த மாசத்தோட க்ளோஸ்."

"அடுத்த மாசம் சென்னை கூட்டத்துக்கு?" என்றேன்.

"அங்க மாகறல்லேருந்து ஒருத்தர் பேசுவாருண்ணே. உங்க ஊர்லதான் பிரச்சனையே இல்லையே" என்று சிரித்தாள். கழுத்து அட்டையைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வேறு பெயர் அச்சடித்து ஒட்டிக்கொள்ளலாமாம்.

வெளியே வந்தபோது சம்பூர்ணக்கா, "இன்னாடா பிரதிநிதி, பதவி பூட்ச்சா?" என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நான் கோபக்காரன் இல்லை ஐயா. யோசிக்கிறவன். அநியாயம் நின்றுவிட்டால் நியாயம் கேட்கிறவர்கள் கிளம்பிப் போய்விடுகிறார்கள். அது அவர்கள் தொழில், போகட்டும். ஆனால் நாங்கள் பேசினால் கேட்கிற காதையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நாளைக்கு ஒரு நிஜமான கஷ்டம் வந்தால் தெரு யாரிடம் சொல்லும்? தெருவுக்காகத்தான் யோசித்தேன். சின்னதாக ஒரு கஷ்டம் இருந்தால் போதும். கிணறு லேசாக நிறம் மாறினால் போதும். ஜனங்கள் பதறுவார்கள், யாரும் குடிக்க மாட்டார்கள், நிக்கத் திரும்பி வருவாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அந்த மாதம் பட்டறையில் கறுப்பு மட்டும்தான் ஓடியது. கடல் கடந்த கம்பெனிக்குக் கறுப்புத் துண்டு. காஞ்சிபுரத்துப் பட்டைக் கறுப்பில் முக்குவது எங்களுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் முக்கினோம். கறுப்புச் சாயம் தொட்டி தொட்டியாகக் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. புதுச் சாயம், குடித்தாலும் ஒன்றும் ஆகாதது. ஒரு கேன் கறுப்பை எடுத்து ஊற்றியிருந்தால் இன்றைக்கு இந்த நாற்காலியில் கிறிஸ்டோபர் சார் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார். கேனையும் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் நாள் ஞாபகம் வந்தது. ஆடி வெள்ளி. கூழ் ஊற்றுகிற நாள். அம்மன் கிணற்றில் கறுப்பை எப்படி ஊற்றுவது? மனுஷனுக்கு ஒரு வரைமுறை வேண்டாமா?

பின்னறையில் பழைய அரக்குச் சாயம் ஒரு பீப்பாய் இருந்தது. கம்பெனி தடை செய்த சாயம். லாரி வந்து எடுத்துப் போகிற வரைக்கும் பூட்டி வைத்திருந்தார்கள். காலையில் பட்டறையைத் திறக்கிறவன் நான் என்பதால் சாவி என்னிடம்தான் இருக்கும். பீப்பாய் மேல் ஒரு மண்டை ஓடு, அதற்குக் கீழே ஒரு சொல். அந்தச் சொல்லுக்குக் கடைசியில் வருகிறேன். அரக்கு மங்களமான நிறம் ஐயா. கல்யாணப் பெண் கட்டுகிற நிறம். அம்மனுக்குச் சாத்துகிற நிறம். மனதுக்கு நிம்மதியாக இருந்தது. கம்பெனி எங்களுக்குத் தானம் கொடுத்த குடிநீர்க் கேன் ஒன்றில் பிடித்துக்கொண்டேன். தெருவே மேளத்தோடு கரகம் எடுக்கப் போயிருந்த நேரம், காலை வெயிலில், கிணற்றில் ஊற்றினேன். ஊற்றும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கரகம் திரும்பி வந்தது. சம்பூர்ணக்காதான் முதல் வாளியை இறைத்தார். எட்டிப் பார்த்தார். வாளியை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏய், இங்க வந்து பாருங்கடி! ஆத்தா குங்குமத்த கரைச்சி குளிச்சிருக்காடி!"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. தெருவே விழுந்து கும்பிட்டது. மேளக்காரர்கள் மறுபடி அடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பெண்ணுக்கு அருள் வந்து ஆடினாள். குடிக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். தீர்த்தம் என்று வரிசையில் நின்றார்கள். கூழிலும் ஒரு சொம்பு ஊற்றினார்கள். கேழ்வரகுக் கூழில் நிறம் தெரியவில்லை.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்தேன். அத்தனை பக்தியாக இருக்கிற ஜனங்களிடம், இது ஆத்தா இல்லை, நான்தான் என்று சொன்னால் அவர்கள் மனது என்ன பாடுபடும்? அடுத்தவர் நம்பிக்கையைப் புண்படுத்தக் கூடாது என்று வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என் முறை வந்தது. கையில் வாங்கினேன். வாய் அருகே கொண்டுபோய், அப்படியே தலையில் தெளித்துக்கொண்டேன். நரை முடி பல நாள் சிவப்பாக இருந்தது. பக்திமான் என்றார்கள்.

மற்றவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு உள்ளங்கை. சம்பூர்ணக்காவின் மகள் கலைவாணிக்கு ரொம்ப நாளாகக் குழந்தை இல்லை. அந்த வேண்டுதலில் அக்கா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தவர். வெறும் வயிற்றில் ஒரு சொம்பு முழுக்கக் குடித்தார். குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "தித்திக்குதுடா கந்தா" என்றார். தித்தித்திருக்காது என்று எனக்குத் தெரியும். தலையாட்டினேன்.

சாயங்காலம் எல்லோருக்கும் வாந்தி. ஆம்புலன்ஸ், பத்திரிகை, அமைப்பு எல்லாம் வந்தது. நிக்கத் அழுதுகொண்டே வந்து அட்டையை என் கழுத்தில் மாட்டினாள். பழைய அட்டை. பெயரை இன்னும் மாற்றியிருக்கவில்லை. மற்றவர்கள் தேறிவிட்டார்கள். சம்பூர்ணக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது. ஆடி முடிவதற்குள் போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்தில் என்னைத்தான் பேசச் சொன்னார்கள். நல்ல மைக். வகுப்புக்கு என்னைக் கூட்டிப்போன கை அந்தக் கை என்று ஆரம்பித்தேன். கலைவாணி மயங்கி விழுந்தாள். கிறிஸ்டோபர் சாரைக்கூட அழ வைத்துவிட்டேன். அந்தப் பேச்சைச் சென்னை கூட்டத்தில் பேச வேண்டும் என்று அமைப்பில் எல்லோரும் சொன்னார்கள். சாயங்கால வகுப்பும் தொடர்கிறது. யோசித்துப் பார்த்தால் அது அக்காவால்தான்.

பேச்சைச் சரிபார்க்க நிக்கத் என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு ஒரு சந்தேகம்.

"பட்டறையில ஆடி பூரா கறுப்பு மட்டும்தான் போட்டோம்ன்றாங்கண்ணே. செக் பண்ணேன், உண்மைதான். அப்போ சிவப்பு எங்கேருந்து வந்துச்சு? பட்டறையில இருக்கற ஒரே சிவப்பு, பின்ரூம்ல பூட்டி வெச்ச பழைய அரக்குதான்."

"வேணும்னு எவனாவது ஊத்திருப்பான்" என்றேன்.

"அதாண்ணே இடிக்குது. பட்டறையை மாட்டிவிடணும்னு நினைக்கிறவன் கறுப்பத்தானே ஊத்துவான்? கண்ணு முன்னாடி இருக்குது. அத வுட்டுட்டு பூட்டின ரூம்ல போய் அரக்க எடுக்க அவனுக்கு இன்னா பைத்தியமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது ஐயா. இத்தனை நடந்ததில் அந்த ஒரு தடவைதான் கோபப்பட்டேன்.

"இன்னாமா பேசற நீ? ஆடி வெள்ளியும் அதுவுமா, ஆத்தா கெணத்துல எவனாவது கறுப்ப ஊத்துவானா? கையில எடுத்தவன்கூட கீழ வெச்சிடுவான்மா!"

நிக்கத் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் தலைமுடியைப் பார்த்தாள். நுனியில் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. "தண்ணி குடிக்கிறியாமா?" என்றேன். வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாள். அப்புறம் நீங்கள் வந்தீர்கள்.

இலவச வக்கீல் ஆனந்தகுமார் என்ற தம்பி நேற்று என்னைப் பார்க்க வந்தார். நல்ல பையன். காதோரம் குனிந்து, "ஒண்ணும் கவலப்படாதண்ணா. பீப்பா மேல இன்னா எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, நான் கைநாட்டுன்னு சொல்லிடு. கேஸு பாதி கரைஞ்சிடும்" என்றார். ராத்திரி முழுக்க யோசித்தேன்.

மண்டை ஓட்டுக்குக் கீழே மூன்று எழுத்து ஐயா. பெரிய எழுத்து. நடுவில் இருப்பது வகுப்பில் கடைசியில்தான் வரும், பாதிப் பேர் அதற்குள் நின்றுவிடுவார்கள். நான் நிற்கவில்லை. அன்று காலை கேனைக் கீழே வைத்துவிட்டு, விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினேன். விஷம். திணறாமல் வந்தது. இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தேன். அப்புறம்தான் மூடியைத் திறந்தேன்.

வக்கீல் தம்பி எது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். நீங்களும் என்னைக் கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். கைநாட்டு என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.