ஹாரன் எழுதிய இரண்டு பக்கங்கள்

நீங்கள் கதவை அப்படி இடித்திருக்க வேண்டாம். அழைப்பு மணி நன்றாகத்தான் வேலை செய்கிறது. போன மாதம்தான் பேட்டரி மாற்றினேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் கை நழுவித் தட்டு உடைந்துவிட்டது. பரவாயில்லை, பழைய தட்டு. நாலு பேராக வந்திருக்கிறீர்கள், வீட்டில் நாற்காலி இரண்டுதான். இளையவர்கள் கட்டிலில் உட்காரலாம். அந்தக் காகிதக் கட்டுகளை மட்டும் நகர்த்த வேண்டாம். வார வரிசையில் அடுக்கியிருக்கிறேன்.

எதற்கு வந்தீர்கள் என்று தெரியும். காலைச் செய்தியில் பார்த்தேன். அதே பஸ், அதே இறக்கம். இந்த முறை ஒரு துணிக்கடைக்குள் புகுந்துவிட்டது. பதினோரு பேர் ஆஸ்பத்திரியில். பிரேக் பிடிக்கவில்லை என்று இந்த டிரைவரும் சொல்கிறார். அப்படியானால் ஒரு வருடத்துக்கு முன்பு அந்த பஸ்ஸை ஓட்டிய பெண் சொன்னதும் உண்மைதானோ? உண்மை என்றால், தப்பு தன்னுடையதே என்று அவர் கைப்பட எழுதிய அந்தத் தாள் எங்கிருந்து வந்தது? இதுதானே உங்கள் கேள்வி. நியாயமான கேள்வி. சொல்கிறேன்.

நான் ஓர் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் பிழை திருத்தினேன். ஓய்வு பெற்றதும் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. நூலகத்தின் பின்னறையைக் கேட்டு வாங்கி, 'விவாத மடல்' என்று ஒன்றைத் தொடங்கினேன். வாரம் ஒரு நாட்டு நடப்பை எடுத்துக்கொள்வோம். அதை ஒட்டி ஒரு பக்கம், வெட்டி ஒரு பக்கம். இரண்டையும் ஒரே ஆள்தான் எழுத வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே தராசில் நிற்கும். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் பிரதி போகும். பிள்ளைகள் அதை வைத்து வகுப்பில் மோதிக்கொள்வார்கள். எங்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆர்வம்தான்.

முதலில் தலைப்புகளை நான்தான் தேர்ந்தெடுத்தேன். பிறகு ஒரு மருந்துக்கடைக்காரரும் ஒரு கணக்கு டீச்சரும் சேர்ந்தார்கள். அவர்களும் என் தலைப்புக்கு மறுப்புச் சொன்னதில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் அந்த பஸ் டிரைவர் வந்தார்.

அந்தப் பெண் சிரித்தால் நூலகத்தின் முன்வாசலில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அதனால் மருந்துக்கடைக்காரர் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. பதிலுக்கு எனக்கு ஒரு பெயர் வைத்தார், 'தலைப்பு சார்'. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வந்த மூன்றாவது வாரமே, தலைப்பை எல்லோரும் கை தூக்கித் தேர்ந்தெடுக்கலாமே என்றார். டீச்சர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். ஜெயித்த தலைப்புக்கு எதிரே 'எடுத்தது', தோற்றதற்கு எதிரே 'தள்ளியது'. எடுத்தது என்று பதிவாகாத தலைப்பில் யாரும் எழுதக் கூடாது என்று விதியும் செய்தார்கள். அன்று நான் முன்வைத்த தலைப்பு, 'செய்திகளுக்குத் தணிக்கை தேவையா'.

"தலைப்பு சார், இதைப் படிச்சா பசங்க தூங்கிடுவாங்க. பசங்க என்ன, நானே ஸ்டியரிங்ல தூங்கிடுவேன்" என்றார் ஹாரன்.

டீச்சர் சிரித்துக்கொண்டே 'தள்ளியது' என்று எழுதினார்.

அதன் பிறகு அந்தப் பெண் இன்னொரு வேலையும் செய்தார். அதுவரை நாங்கள் 'ஒரு சாரார் கருதுகின்றனர்' என்றுதான் எழுதுவோம். ஹாரன் 'நான்' என்று எழுதினார். ஆற்றில் கழிவு கலந்த செய்தி என்றால், ஒட்டிய பக்கத்தில் ஆலை முதலாளியாக 'நான்'. வெட்டிய பக்கத்தில் மீன் பிடிப்பவராக 'நான்'. இரண்டையும் படித்தால் இரண்டு பேருமே நம் எதிரில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். யார் பக்கம் எழுதுகிறோமோ அவராகவே ஆகிவிட வேண்டும், பொய்யாக எழுதினால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும் என்பார். பள்ளிகளிலிருந்து கடிதங்கள் வந்தன. கட்டுக்கட்டாக. எல்லாம் 'ஹாரன் அக்காவுக்கு'.

மடலைத் தொடங்கியவன் பெயர் ஒரு கடிதத்திலும் இல்லை. பத்தொன்பது வாரம் தொடர்ந்து என் தலைப்பு தள்ளப்பட்டது. நான் எண்ணவில்லை, நோட்டில் இருக்கிறது, நீங்களே பார்க்கலாம். கோபமா என்றால், கோபம் இல்லை. காலை நடையின்போது அந்தக் கைகள் நினைவுக்கு வரும். மூன்று கைகள் மேலே போகும், என் கை மட்டும் மேசைமேல் கிடக்கும். பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல்லில் விரிசல் விழுந்துவிட்டதாகப் பல் மருத்துவர் சொன்னார். அவ்வளவுதான்.

அப்புறம் அந்த விபத்து. இறக்கத்தில் வந்த பஸ் நிற்காமல், சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒருவர்மேல் ஏறிவிட்டது. ஹாரனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பிரேக் சரியில்லை என்று இரண்டு முறை டிப்போவில் சொல்லியிருந்தாராம். வாயால் சொன்னதுதான், எழுத்தில் எதுவும் இல்லை. டிப்போ மறுத்தது. விசாரணைக் குழு பஸ்ஸைக் கழற்றிப் பார்ப்பதாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஹாரன் பின்னறைக்கு வந்தார். சிரிப்பு இல்லை. டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் ஏதோ மாத்திரை கொண்டுவந்திருந்தார். இறந்தவரைப் பற்றி அந்த அறையில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஓர் உயிர் போயிருக்கிறது, அதற்காகப் பேச ஒரு நாதி இல்லை. நான் தலைப்பைச் சொன்னேன்: 'விபத்துக்கு ஓட்டுநரே பொறுப்பு.'

மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருந்துச்சே, அதையும் பிழைன்னு அடிச்சுட்டீங்களா?"

"விடுங்கண்ணா" என்றார் ஹாரன். "சார் தப்பா ஒண்ணும் கேக்கல. வெளிய எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க."

என் கை மட்டும் மேலே போனது. டீச்சர் சிரிக்காமல் 'தள்ளியது' என்று எழுதினார். பேனா தாளைக் கிழித்தது.

அன்று மாலை ஹாரனோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். பயணிகளோடு பயணியாக நிற்க அவருக்குக் கூச்சமாக இருந்தது போலும். தூணுக்குப் பின்னால் நின்றார். நான் சொன்னேன்: "மடலுக்கு வேணாம்மா. உங்களுக்காக எழுதிப் பாருங்க. வழக்கம்போல ரெண்டு பக்கமும். ஒட்டி எழுதும்போது உங்களைத் திட்டறவங்க என்ன நினைக்கறாங்களோ, அந்த ஆளாவே மாறி எழுதுங்க. மனசு லேசாகும். யாருகிட்டயும் சொல்ல வேணாம், என்கிட்ட மட்டும் குடுங்க."

அந்தப் பெண் தூணை விட்டு விலகி வந்தார். "எல்லாரும் முதுகைத் தட்டிக் குடுக்கறாங்க சார். நீங்க ஒருத்தர்தான் என்னைய மனுஷியா மதிச்சுக் கேள்வி கேக்கறீங்க" என்றார்.

அப்போது என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். விசாரணைக் குழுவின் முகவரியை எழுதி ஓர் உறை வைத்திருந்தேன் என்பது உண்மைதான். எழுதி வைத்திருந்தேன், அவ்வளவே.

அடுத்த வாரம் இரண்டு தாளையும் குண்டூசி குத்திக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து இதே மேசையில் படித்தேன். ஒட்டி எழுதிய பக்கம் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. 'பிரேக் நன்றாகத்தான் இருந்தது. என் கண்தான் செருகியது. முந்தின நாளும் இரட்டை வேலை, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, சொல்லவில்லை. இரண்டு நொடி. கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிரேக் மேல் பழி போட்டேன், ஏனென்றால் இரும்புக்கு வாய் இல்லை.' எவ்வளவு நல்ல எழுத்து பாருங்கள். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை இருந்தது. திருத்தக் கை பரபரத்தது. என் கையெழுத்து அதில் விழக் கூடாது என்பதால் விட்டுவிட்டேன்.

தாளின் தலையில் தலைப்பும், அதன் கீழே 'ஒட்டி' என்ற சொல்லும் இருந்தன. கத்தரிக்கோலால் இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கினேன். குண்டூசி குத்திய மூலையும் அதோடு போய்விட்டது. உறையில் போட்டேன். அனுப்புநர் பெயர் எழுதவில்லை. நான் அதில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு வரியை எடுத்தேன். பிழை திருத்துபவன் தினமும் செய்கிற வேலை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கையெழுத்து அவருடையதே என்று நிரூபணம் ஆனது. பஸ்ஸைக் கழற்றிப் பார்க்கும் வேலையைக் கைவிட்டார்கள். அதை மீண்டும் சாலைக்கு அனுப்பினார்கள். அனுப்பியது டிப்போ, நான் அல்ல.

நீதிமன்றத்தில் ஹாரன், இது தலைப்பு சார் கேட்டு எழுதிக் கொடுத்த விவாதம் என்றார். எங்கள் முறையே அப்படித்தான், 'நான்' என்றுதான் எழுதுவோம் என்று மருந்துக்கடைக்காரரும் டீச்சரும் சொன்னார்கள். நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதில் அந்தத் தலைப்புக்கு எதிரே டீச்சரின் கையெழுத்திலேயே 'தள்ளியது'. தள்ளிய தலைப்பில் யாராவது எழுதுவது உண்டா என்று கேட்டபோது மருந்துக்கடைக்காரரால் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கூண்டுக் கம்பி உருகியிருக்கும்.

என்னைக் கூப்பிட்டார்கள். எழுதச் சொன்னீர்களா என்றார்கள். சொல்லவில்லை என்றேன். ஓட்டும்போது தூங்குவது பற்றி அவர் எப்போதாவது பேசியதுண்டா என்றார்கள். ஒரு முறை, எல்லோர் முன்னிலையிலும், ஸ்டியரிங்கில் தூங்கிவிடுவேன் என்றார் என்றேன். அது பொய் இல்லை. ஹாரன் என்னைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். நாலு வருடம் கொடுத்தார்கள்.

அவர் மகள் ஒரு நாள் இங்கே வந்தாள். நர்ஸ் படிப்பை நிறுத்திவிட்டு இப்போது மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அங்கிள், அம்மா உங்களுக்குத்தானே எழுதினாங்க. ஞாபகப் பிசகுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

சாட்சி சொன்னது சொன்னதுதான் என்றேன்.

"அம்மா ஜெயில்ல இப்பவும் உங்களை சார்னுதான் சொல்றாங்க. 'சாருக்கு ஏதோ கஷ்டம், மிரட்டியிருப்பாங்க'ன்னு. எனக்கு வயிறு எரியுது. நீங்கல்லாம் மனுஷனா?"

கதவை மெதுவாகத்தான் சாத்தினேன்.

வெட்டி எழுதிய பக்கம் எங்கே என்கிறீர்களா? அந்த இழுப்பறையில், மேலாகவே இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். படிக்கிறீர்களா, நானே சொல்லட்டுமா? 'பிரேக்கை மிதித்தேன். கால் தரை வரை போனது. இரண்டு காலாலும் மிதித்தேன். வலப்பக்கம் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், அதனால் வலப்பக்கம் திருப்பவில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே கத்தினேன், அந்தச் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.' இதில் ஒரு பிழைகூட இல்லை. படித்ததுமே எது நடந்தது, எது புனைந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்திரண்டு வருடம் எழுத்தைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியாதா? தெரிந்தேதான் மற்றதை அனுப்பினேன். கூண்டில் ஏறியபோதும் தெரியும். கதவைச் சாத்தியபோதும் தெரியும்.

ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்கிறீர்கள். நல்ல எழுத்தைக் கிழிக்க மனம் வராது சார்.

இப்போது மடலை நான் ஒருவன்தான் நடத்துகிறேன். அவர்கள் இருவரும் வருவதில்லை. ஏழு மாதமாக என் தலைப்பு ஒன்றுகூடத் தள்ளப்படவில்லை. ஆனால் இதற்காக அதைச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், அது அநியாயம். பொறாமை என்று மருந்துக்கடைக்காரர் சொல்லுவார். கைகளை எண்ணுகிறவன் அல்ல நான். எல்லோரும் ஓட்டியவருக்காக அழுதார்கள்; இறந்தவருக்காக நான் ஒருவன்தான் நின்றேன். காலையிலும் மாலையிலும் அந்த உயிரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுதித் தரச் சொல்கிறீர்கள். தாராளமாக. தாளைக் கொடுங்கள். இப்படித் தொடங்குகிறேன்: 'இறந்தவருக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில்...' ஏன் தடுக்கிறீர்கள்? ஓ. 'இறந்தவர்' என்று மொட்டையாக இருக்கக் கூடாது, யார், என்ன வயது, என்ன வேலை என்று நானே என் வார்த்தையில் நாலு வரி எழுத வேண்டுமா. சரிதான், விவரம் இருந்தால்தான் படிப்பவருக்குப் புரியும். எழுதுகிறேன். அவசரப்படுத்தாதீர்கள். இதோ.

சார், ஒரு சின்ன சந்தேகம். இறந்துபோனது ஆணா, பெண்ணா?