ஜெர்மன் கோப்பைக்கு இறக்கிய முடி

கொடகவெல போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு புருஷன், பெண்சாதி. அவர் தலை புது மொட்டை.

“ஜெர்மன்காரன் ஃபுட்போல் கோப்பைக்கு மொட்ட போட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான்,” என்றாள் அவள்.

“பெரிய டீமு. எப்படியும் ஜெயிக்கும்னு முன்னாடியே நேர்த்திக்கடன முடிச்சிட்டேன்.”

“யாருகிட்ட தோத்தாங்க?”

“மூணாம் டிவிசன் டீமுகிட்ட. இந்தக் கோப்பையில ஒரு ஆட்டம் தோத்தாலே வெளிய.”

“நல்லா வேணும். மகளுக்கு டெங்கு சுகமானா மொட்ட போடுறேன்னு மாரியம்மாகிட்ட வேண்டுனீங்களே, அது?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மக எந்திரிச்சு நடந்து மூணு மாசமாச்சு. கேட்டா, மொட்டத் தலையோட வேலைக்குப் போக வெக்கமா இருக்குன்னீங்க.”

அம்மாளிடம் சொன்ன வாக்கு விளையாட்டா என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் தலையைத் தடவினார். “முடி வளரட்டும், போட்டுறலாம்.”

“வளர்ற வரைக்கும் மகள யாரு காப்பாத்துவா? ஜெர்மன்காரனா?”