பக்கத்தில் நிற்கும் மரங்கள்

பெயர்: குமுதா. கணவர் பெயர்: மகேந்திரன். வயது: 38. தொழில்: பேரங்காடியில் காசாளர். இருப்பிடம்: புந்தோங், ஈப்போ.

நான் மேற்படி இடத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். அவருக்குப் பல வருடங்களாக வலிப்பு நோய் உண்டு. போன வருடம் ஈப்போவில் ஓர் ஆய்வு நிலையத்தில் புதிய மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்க அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மூளையை அமைதிப்படுத்தும் பொருளை ஒரு நொதி சிதைத்துவிடுகிறது, அந்த நொதியை இம்மருந்து தடுக்கும் என்று அங்குள்ள டாக்டர் சுபாஜினி விளக்கினார். அதன் பிறகு அவருக்கு ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. மறுபடி மோட்டார் சைக்கிள் ஓட்டினார். நான் சாமிக்கு விளக்கேற்றி அழுதேன்.

அதன் பின்னர், சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னையே "குமுதா, எங்க போயிட்ட?" என்று கூப்பிட ஆரம்பித்தார். விசாரித்ததில், இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசையாக நிற்கின்றன, பால் பிடிக்கும் மங்குகூடத் தெரிகிறது என்றார். அவர் பிறந்த தோட்டம் சுங்கை சிப்புட்டில் இருந்தது. இப்போது அங்கே ரப்பரை அழித்து முழுக்கச் செம்பனை நட்டுவிட்டார்கள். தோட்டத்துக் காவல் தெய்வம் முனியாண்டிதான் கூப்பிடுகிறார் என்று இருவரும் நம்பினோம். ஆய்வு நிலையத்தில் மாதாமாதம் "விழுந்தாரா?" என்றுதான் கேட்டார்கள். விழவில்லை என்றோம். கண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சம்பவத்தன்று காலை முனியாண்டிக்குச் சுருட்டு வைத்துக் கும்பிட மோட்டார் சைக்கிளில் போனோம். சுங்கை சிப்புட் முச்சந்தியில் இடப்பக்கமிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. "என்னங்க, லாரி!" என்று பின்னாலிருந்து கத்தினேன். அவர் தலையைத் திருப்பாமலே, "எங்கயோ தூரத்துல லா, இங்க மரந்தானே நிக்குது" என்று சொல்லிக்கொண்டு நேராக விட்டார், லாரி மோதிவிட்டது. லாரி டிரைவர் சன்னாசி மீது ஒரு தவறும் இல்லை. அவரை இங்கே போலீஸ் நிலையத்தில் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

நான் சிராய்ப்போடு தப்பினேன், என் கணவர் கால் முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார். நேற்று அவருடைய இடப்பக்கம் போய் நின்றேன். "குமுதா வரலியா?" என்று தாதியிடம் கேட்டார். நான் அவர் கையைத் தொட்டேன். அவர் திரும்பவில்லை. என் கையை முழங்கைவரை விரல்களால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த மரம் மட்டும் சுடுது" என்றார்.

அதன் பிறகு டாக்டர் சுபாஜினிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்த மாத்திரைதான் இரண்டு பக்கத்துப் பார்வையையும் பறித்திருக்கிறது, தெரியாத இடத்தை மூளை பழைய மரங்களால் நிரப்பிக்கொள்கிறது, தொடர்ந்தால் மிச்சப் பார்வையும் போகும், நிறுத்தினால் வலிப்பு திரும்பி வரும், போன பார்வை வராது என்றார். என் கணவர் நிறுத்தக் கூடாது என்று கெஞ்சினார். நான் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவர் விழுந்தால் பிடித்துக்கொள்ள நான் பக்கத்திலேயே இருப்பேன்.

நான் சொன்னதையே எழுதி எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்கள். இதில் கூட்டியதும் குறைத்ததும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) குமுதா