கம்பளிச் சதுரங்கள்

பினாங்கில் கம்பளி நூலுக்கு வேலையே இல்லை, அத்தான். வெயில் ஏறினால் சுவரே வேர்க்கிற ஊர் இது. வெள்ளைக்காரர்கள் கப்பலேறி ஓடியபோது பங்களாக்களில் விட்டுப்போன கம்பளிச் சட்டைகளை அள்ளிவந்தவர்கள்கூட, என்ன செய்வதென்று தெரியாமல் கால் துடைக்கப் போட்டிருந்தார்கள். இங்கே கம்பளி தேவைப்படுவது குளிர்காய்ச்சல்காரருக்கு மட்டும்தான்.

அக்கா மாத்திரையை ஒழுங்காகக் குடித்தாளா என்று வந்த அன்று வாசலில் நின்று கேட்டீர்கள். நான் தலையாட்டினேன். அது பொய்யில்லை. நான் கொடுத்ததையெல்லாம் அவள் குடித்தாள். மற்றதை இங்கே எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்ல நாக்கு எழாமல், நேரே உட்கார்ந்திருந்தும் பதிவேட்டில் வராதவளாகிப்போய், கடைசியில் உண்மையாகவே போகாமல் நின்றுவிட்டேன். பிறகு ஜப்பான்காரன் வந்து எல்லாப் பிள்ளைகளும் நின்றதால் என் வெட்கம் வெளியே தெரியவில்லை. அம்மா செத்ததிலிருந்து கடையில், கோயிலில், அரிசி வரிசையில் எனக்காகப் பேசியது அக்காதான். யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். பதில் அங்கிருந்து போய்விடும்.

அவளை உங்களுக்குக் கட்டிக்கொடுத்து, நீங்கள் மருந்து கொடுக்கிற சுங்கை பாக்காப் தோட்டத்து ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவான மாதமே காய்ச்சல் வந்தது. கலியாணம் சுகமான பிறகு என்றார் அப்பா.

ஒருநாள் விட்டு ஒருநாள் மத்தியானம் நடுக்கம் தொடங்கும். கட்டில் ஆடும். சேலை, சாக்கு, அப்பா கந்தோர் வேலைக்குப் போடும் கோட்டு எல்லாவற்றையும் போட்டாலும் போதாது. "இன்னும் போர்த்துவிடு பிள்ளை, மேல ஏறிப் படு" என்பாள். அப்போதுதான் அம்மாவின் குரோஷே ஊசியைத் தேடி எடுத்தேன். அப்பாவின் பழைய மப்ளரைப் பிரித்து முதல் சதுரத்தைப் பின்னினேன்.

பின்னுவது கஷ்டமில்லை. நடுவில் ஒரு வளையம், அதைச் சுற்றி மும்மூன்று கால்கள், மூலை வருமிடத்தில் இரண்டு கொத்து. சுற்றிக்கொண்டே போனால் வட்டம் தானாகச் சதுரமாகிவிடும். ஒரே மாதிரிப் பின்னினால் அக்காவுக்கு அலுக்கும் என்று ஒன்றில் நடுவே பூ வைத்தேன், ஒன்றில் கதிர் விட்டேன், ஒன்றை மூலையிலிருந்து மூலைக்குக் கோடாக இழுத்தேன். காய்ச்சல் விட்ட நாட்களில் அவள் அவற்றைப் பாயில் பரப்பி, எது எதன் பக்கத்தில் என்று முடிவு செய்வாள். கோணிப்போன ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இது பல்லுப்போன கிழவன்ர வாய் மாதிரிக் கிடக்கு. காலடியில வை, அத்தான் காணக்கூடாது" என்றாள். இருவரும் சிரித்தோம். அவ்வளவு நெருக்கமாக நாங்கள் இருந்ததேயில்லை.

நூல் தீர்ந்தது. சூலியா தெருவில் பழந்துணி விற்கிற சீனி முகம்மதுவின் மனைவி நூர்ஜான் எங்கள் பின்வாசலுக்கு வருவாள். என் கையிலிருந்த சதுரத்தைப் பார்த்துவிட்டு, "ஊரே வெந்து கெடக்கு, இந்தப் புள்ளைக்குக் கம்பளி கேக்குதுலா. மாப்பிள்ளை பனிமலையிலயா இருக்காரு?" என்று கேலி செய்தாள். மறுமுறை நீலக் கம்பளிச் சட்டையொன்றோடு வந்தாள். முகம் செத்திருந்தது. அவளுடைய மகளுக்கும் அதே காய்ச்சல்.

"ஒங்க வீட்டுல கொயினா மாத்திரை இருக்காமே. ஒங்களுக்குப் போதாட்டி வேணாம்மா. மிச்சம் இருந்தா மட்டும் குடு" என்றாள்.

அக்கரை பட்டர்வொர்த்திலிருந்து படகில் ஆள் மூலம் நீங்கள் அனுப்பிய குளிர்காய்ச்சல் மாத்திரைகள் அவை. வாய் பேசாத பிள்ளை, கவனமாகக் கொடுப்பாள் என்று அப்பா போத்தலை என் பொறுப்பில் விட்டிருந்தார். மிச்சம் இல்லை. ஆனால் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். தலையாட்டுவது சுலபம். போத்தலிலிருந்து கொஞ்சம் கொடுத்து, சட்டையை வாங்கிக்கொண்டேன். குழந்தை எழுந்து நடமாடியது. நூர்ஜான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்கு முன் யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

அந்த நீலம் நல்ல நீலம்.

அதற்குப் பிறகும் அக்காவுக்குச் சரியாகவே கொடுத்தேன், குறைந்ததைத் தவிர. கொஞ்சம் தேறினாள். ஒரு காலை தானே எழுந்து தலை சீவி, சாளரத்தருகே உட்கார்ந்தாள். கன்னத்தில் நிறம் வந்திருந்தது. அன்றைக்குத்தான் அதைச் சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள்.

"இனி நீ உன்ர வாயால கதைக்கப் பழகவேணும் பிள்ளை. நான் அங்க இருந்துகொண்டு உனக்காகக் கதைக்கேலாது."

நான் கோபப்படவில்லை. குசினிக்குப் போய் மரவள்ளி மாவை நிலவேம்புக் கஷாயத்தில் பிசைந்து, சிறிதாக உருட்டி, தட்டையாக்கி, வெயிலில் வைத்தேன். கசப்பாக இருந்ததால் அவள் சந்தேகப்படவில்லை. முகத்தைச் சுளித்து விழுங்கிவிட்டு, "அத்தான்ர மருந்தெல்லே, கசக்கத்தான் செய்யும்" என்றாள். அடுத்த முறை நூர்ஜான் கேட்கவில்லை. போத்தலில் இருந்த நல்ல மாத்திரைகளை நானாகவே கொடுத்தேன். மிச்சம் என்று அவள் நம்பினாள். அவளில் குற்றமில்லை. தெருவில் காய்ச்சல்காரர்கள் நிறைய இருந்தார்கள், அவர்களில் சிலர் பிழைத்தார்கள். இதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

நடுக்கம் திரும்பியது. போர்வையும் வளர்ந்தது. ஒவ்வொரு சதுரத்தையும் சேர்த்துத் தைத்தவுடன் அவள் மேல் போடுவேன். "இப்ப கொஞ்சம் சூடாயிருக்கு" என்பாள். அப்படிச் சொன்னபோது நான் அவளுக்கு நல்லதுதான் செய்கிறேன் என்று எனக்குத் தோன்றியது. அவள் சாக வேண்டுமென்று நான் நினைத்ததேயில்லை. படுத்திருந்தால் போதும்.

காய்ச்சல் தலைக்கேறி அவள் அம்மாவைக் கூப்பிடத் தொடங்கிய அன்று போத்தலில் ஒன்றும் இல்லை. அப்பா கந்தோரில். நான் தனியாக சூலியா தெருவுக்கு நடந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. நூர்ஜான் கடையில் இல்லை. சீனி முகம்மது நிமிர்ந்து பார்த்து, "என்னாம்மா வேணும்?" என்றார். மாத்திரை என்று ஒரு சொல். அதைத் தொண்டைவரை கொண்டுவந்தேன். அவர் காத்திருந்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் யாரென்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு சிவப்பு நூலுருண்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "நூர்ஜான் ஒனக்குத்தான் எடுத்து வச்சிருந்துச்சு. வேற ஒண்ணும் வேணாமே?"

நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கைக்கு வேறு வேலை தெரியவில்லை. சிவப்பில் ஒரு சதுரம் பின்னினேன். நடுவில் பூ வைத்தது. முடியுமுன்பே அவள் போய்விட்டாள்.

நீங்கள் வந்துசேர்ந்தபோது பெண்கள் போர்வையை அவள்மேல் போட்டு அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் விடவில்லை. தங்கச்சி பாவம், பிடித்துக்கொண்டு அழட்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

இதுவரை உள்ளதை நீங்கள் போகுமுன் உங்கள் கையில் தரத்தான் எழுதினேன். நீங்கள் நேற்றுப் புறப்படும்போது தந்திருக்கலாம். ஆனால் நீங்கள் அவசரமாக இருந்தீர்கள். அப்பாவுக்கும் நடுக்கம் கண்டிருக்கிறது என்று நாடி பிடித்துப் பார்த்து, புதிய போத்தலை என்னிடம் கொடுத்து, காலையும் மாலையும் தவறாமல் கொடு, உன்னை நம்பித்தான் போகிறேன் என்றீர்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அடுத்த முறை வரும்போது கட்டாயம் தருவேன்.

போர்வை அக்காவின் அளவுக்குப் பின்னியது. அப்பா நெடுத்த மனிதர். அவருக்கு அது முழங்காலோடு நின்றுவிடுகிறது. இன்னும் இரண்டு வரிசைக்கு நூல் வேண்டும்.